காப்புக் கட்டிய கை

பையை மேல வைக்காதீங்க அண்ணாச்சி. பிரேக் போட்டா விழுந்துரும். மடியிலயே இருக்கட்டும், ஃபைல் கசங்கக் கூடாது. எக்கோ படமெல்லாம் உள்ள இருக்குமில்ல. நான் எட்டிப் பாக்கல. பச்சை அட்டையைப் பாத்தாலே தெரியும். இருபத்திரண்டு வருசமா அந்த மாதிரி ஃபைலைத்தான் தூக்கிக்கிட்டு அலையறேன்.

ஆஞ்சியோதானே? நாளைக்கா? சரி. ஜன்னலோரத்துல தூங்குறது உங்க வீட்டுக்காரங்களா? தூங்கட்டும். அவங்களுக்கு நேத்து தூக்கம் இருந்திருக்காது.

நான் திருமங்கலத்துல இறங்கணும். ஒரு சின்ன வேலை. ஒரு வீட்டுல ஒரு பொருளைக் குடுக்கணும், அவ்வளவுதான். கள்ளிக்குடி இன்னும் வரல, நேரம் இருக்கு.

எம் பேரு வெயில்முத்து. ஆஸ்பத்திரி பேரு வேண்டாம். எங்க ஊர்ல பெரிய கோயில் தெருவுல இருக்குறது ஒண்ணே ஒண்ணுதான், நீங்களே கண்டுபிடிச்சுக்கங்க. அங்க கேத் லேபுல நான் அட்டெண்டர். ராத்திரி எட்டு மணிக்குப் போனா காலையில எட்டு. கேத் லேபுன்னா தெரியுமில்ல? நாளைக்கு உங்களைப் படுக்க வைக்கப் போற ரூம். குளிரும். ஒரு போர்வை கேளுங்க. கேட்டாத்தான் குடுப்பாங்க.

படிப்பா? பத்தாவது ரெண்டு தடவை எழுதினேன். ஆனா இந்த வேலையில எனக்குத் தெரியாதது கம்மி. யாரும் சொல்லித் தரல. நின்னு பாத்தேன், அவ்வளவுதான். மருந்துக் கம்பெனிக்காரங்க குடுத்துட்டுப் போற வழவழப் புஸ்தகம் இருக்கு பாருங்க, டாக்டருங்க குப்பையில போடுவாங்க. அதை எடுத்து வச்சு அகராதியோட படிப்பேன். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம்.

உங்களுக்கு எந்த வழியில போறாங்கன்னு சொன்னாங்களா? சொல்லலையா? சொல்ல மாட்டாங்க. ரெண்டு வழிதான் அண்ணாச்சி. ஒண்ணு மணிக்கட்டு. இன்னொண்ணு தொடை இடுக்கு. ரத்தக்குழாய்க்குள்ள ஒரு மெல்லிசான டியூபை விட்டு, அப்படியே ஏத்தி இதயத்துக்குக் கொண்டு போவாங்க. எங்கருந்து ஏறினாலும் கடைசியில ஒரே எடம்தான். மணிக்கட்டுல போனா, முடிஞ்சதும் கையில ஒரு பட்டை கட்டி உக்கார வச்சிருவாங்க. அரை மணி நேரத்துல இட்லி சாப்பிடலாம், பாத்ரூம் போகலாம். தொடையில போனா காலை நீட்டி ஆறு மணி நேரம் மல்லாக்கப் படுக்கணும். மடக்கக் கூடாது, பொரளக் கூடாது, தலையைத் தூக்கி இருமக்கூடக் கூடாது. அங்க ஓடுறது பெரிய குழாய். அடைச்ச ஓட்டை திறந்துக்கிச்சுன்னா வெளியிலயும் வரும், உள்ளயும் போகும். வெளியில வர்றது கண்ணுக்குத் தெரியும். உள்ள போறது தெரியாது.

இப்ப எல்லாரும் மணிக்கட்டுதான். ஆனா எந்த வழி ஒத்துக்குமோன்னு ரெண்டு எடத்தையும் சிரைச்சுத் தயாரா வைக்கணும். அது என் வேலை. காலையில நாலரை மணிக்கு ஆரம்பிச்சா ஏழு மணிக்குள்ள நாலு பேரு. சிரிக்காதீங்க. ஒரு தாசில்தார் வந்தாரு. கையைச் சிரைக்கிற வரைக்கும் அரசாங்கத் திட்டமெல்லாம் பேசிக்கிட்டே இருந்தாரு. வேட்டியை விலக்குங்க சார்ன்னேன். "யோவ், நெஞ்சுவலின்னுதான்யா வந்தேன்"னு கத்தினாரு பாருங்க, பக்கத்து ரூம்காரங்க ஓடி வந்துட்டாங்க.

சிரைக்கிறது மட்டுமில்ல. கையில நூல் கீல் இருந்தா அறுக்கணும். அமுதா சிஸ்டரோட சட்டம் அது. கோயில் கயிறு, தர்கா கயிறு, வேளாங்கண்ணி கயிறு, எல்லாம். அறுத்து ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர்ல போட்டு, பெட் நம்பர் எழுதி, சொந்தக்காரங்க கையில குடுத்துரணும். கத்தரி எப்பவும் என் பாக்கெட்டுல இருக்கும். எத்தனை அறுத்திருப்பேன்னு எனக்கே தெரியாது. அறுக்கும்போது ஒண்ணும் தோணாது. நகம் வெட்டுற மாதிரி.

அப்புறம் கை சோதனை. இது டாக்டர் பாக்க வேண்டியது. கதிரேசன் டாக்டர் ஆரம்பத்துல அவரேதான் பாப்பாரு. நான் பக்கத்துல நின்னு பாத்துப் பாத்து ஒரு நாள் சொன்னேன், சார், மூணாம் பெட்டுக்குச் சிவக்கலைன்னு. அவரு பாத்தாரு. சிவக்கல. அன்னையிலருந்து காலையில வந்ததும் கோட்டை மாட்டிக்கிட்டே கேப்பாரு, "வெயில்முத்து, இன்னிக்கு எப்படி?" நான் சொல்லுவேன், ஒண்ணு கை, ரெண்டு கை, மூணு தொடை, நாலு கை. அவரு அப்படியே போயி குத்துவாரு. எம்.டி., டி.எம். படிச்சவரு. என் வார்த்தையை வச்சு குத்துவாரு. சம்பளம் உசரல. ஆனா அது ஒண்ணு இருந்துச்சு.

சோதனை ஒண்ணும் பெருசில்ல. மணிக்கட்டுல ரெண்டு பக்கமும் ரெண்டு ரத்தக்குழாய். கட்டை விரல் பக்கம் ஒண்ணு, சுண்டு விரல் பக்கம் ஒண்ணு. முஷ்டியை இறுக்கி மூடச் சொல்லி ரெண்டையும் அமுக்கணும். கையைத் திறந்தா உள்ளங்கை சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும். அப்ப சுண்டு விரல் பக்கத்தை மட்டும் விடணும். விட்டுட்டு எண்ணணும். ஏழுக்குள்ள உள்ளங்கை சிவந்துட்டா அந்தக் கையில போகலாம். கட்டை விரல் குழாய் அடைச்சாலும் மத்தது கையைக் காப்பாத்திரும். சிவக்கலைன்னா போகக் கூடாது. இப்ப சில பேரு அதையெல்லாம் பெருசா எடுத்துக்கறதில்ல. எங்க டாக்டர் எடுத்துக்குவாரு.

போன பங்குனி. எங்க ஊர்ல பங்குனிப் பொங்கல்னா ஊரே மஞ்சளாயிரும், உங்களுக்குத் தெரியாததா. கொடியேறி காப்புக் கட்டிட்டா நேர்ச்சைக்காரங்க ஊர் எல்லை தாண்ட மாட்டாங்க. அக்கினிச்சட்டி எடுத்து முடிச்சு, கோயில்ல பூசாரிதான் காப்பை இறக்கணும்.

அக்கினிச்சட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒருத்தர் அட்மிட் ஆனாரு. காளிராஜ். டிப்போவுல மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவரு, அறுபத்தொண்ணு வயசு. ரெண்டு நாளா நெஞ்சு அடைப்பு, விட்டு விட்டு. இசிஜி சரியில்ல. தள்ளிப் போட முடியாது, காலையில முதல் கேஸ்னுட்டாரு டாக்டர்.

வலது கையில காப்பு.

புது மஞ்சக் கயிறு, நடுவுல விரலி மஞ்சள் ஒரு துண்டு. மணிக்கட்டுல சரியா எந்த எடத்துல குத்தணுமோ அந்த எடத்துல. இடது கை ஆகாது. ஸ்கூட்டர்ல விழுந்து முழங்கையில பிளேட் வச்சது, நீட்ட வராது. அப்ப வலது கை, இல்லைன்னா தொடை.

அவரோட பொண்ணு ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் கூட இருந்துச்சு. கார்த்தீஸ்வரி. திருமங்கலத்துல குடுத்திருக்கு, பொங்கலுக்கு வந்த பொண்ணு. பத்தொம்பது வயசுல மூளைக் காய்ச்சல் வந்து பதினோரு நாள் நினைவில்லாம கிடந்துச்சாம். அப்ப அவரு வேண்டிக்கிட்ட சட்டி. நடக்க முடியுற வரைக்கும் வருசா வருசம் எடுக்கறேன்னு. இது பதினாலாவது வருசம். அப்பாவால முடியாது, அதனால நாளைக்கு பொண்ணு எடுக்கறதா ஏற்பாடு. பூசாரி சொன்னாராம், எடுக்குறது யாரு கையா இருந்தாலும் கட்டின கையிலருந்து காப்பு எறங்கக் கூடாதுன்னு. அந்தப் பொண்ணு போறப்ப என்கிட்ட வந்து, "அண்ணே, அப்பா காப்பை மட்டும் பாத்துக்கங்கண்ணே"ன்னுச்சு. நான் சரிம்மான்னேன். என்னத்தைச் சரின்னேனோ.

காலையில நாலரை மணிக்கு டிரேயை எடுத்துக்கிட்டுப் போறேன். அவரு முழிச்சுத்தான் இருந்தாரு. கத்தரியைப் பாத்தாரு. கெஞ்சல. அழல. அதெல்லாம் செஞ்சிருந்தா நான் பேசாம அறுத்திருப்பேன் அண்ணாச்சி. தினமும் கெஞ்சுறாங்க. அவரு கேட்டது வேற.

"தம்பி, நீங்க இதெல்லாம் நல்லா தெரிஞ்சவரு மாதிரி இருக்கீங்க. கையைத் தொடாம போறதுக்கு வேற ரூட் கிடையாதா?"

நான் சொன்னேன், இருக்குன்னு. தொடையைச் சொன்னேன். ஆறு மணி நேரம் படுக்கணும்னும் சொன்னேன். மறைக்கல. எல்லாம் சொன்னேன்.

"மதுரைக்கு நாலுவழிச் சாலையும் இருக்கு, ஊருக்குள்ள பூந்து போற ரோடும் இருக்கு. ரெண்டுலயும் வண்டி ஓட்டியிருக்கேன் தம்பி. வண்டி எதுல போனாலும் டிரைவருக்கு ரோடு தெரிஞ்சா போதும். உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யுங்க."

இருபத்திரண்டு வருசத்துல என்கிட்ட வழி கேட்ட ஆளு அவரு ஒருத்தர்தான். மத்தவங்க கேக்குறது, பாத்ரூம் எங்க, கேண்டீன் எப்ப திறக்கும், டாக்டர் எப்ப வருவாரு. இவரு கேட்டாரு, உங்களுக்கு எது சரின்னு படுதுன்னு.

கையைப் பிடிச்சு சோதனை பண்ணினேன். காப்பை மேல தள்ளிட்டு. மூடச் சொன்னேன், அமுக்கினேன், திறக்கச் சொன்னேன், விட்டேன். எண்ணினேன்.

அந்த ரூம்ல டியூப் லைட் ஒண்ணு மினுக்கிக்கிட்டே இருக்கும். மெயின்டனன்ஸ்ல மூணு தடவை எழுதிக் குடுத்தாச்சு. அதையும் சொல்லணுமில்ல.

எட்டு மணிக்கு டாக்டர் வந்தாரு. "வெயில்முத்து, இன்னிக்கு எப்படி?" ஒண்ணு தொடைன்னேன். "ஏன்?" சிவக்கல சார்ன்னேன். பதினஞ்சு வரைக்கும் எண்ணினேன், சிவக்கலன்னேன். அவரு கையைப் பாத்தாரு. காப்பு மேல நான் பஞ்சுத்துணி சுத்தி பிளாஸ்திரி போட்டு வச்சிருந்தேன். ஒரு நொடி அங்க விரலை வச்சாரு. வச்சவரு நிமிந்து என்னைப் பாத்தாரு. அன்னிக்கு நாலு கேஸ். பொங்கல் அதுவுமா ரோடு அடைக்கறதுக்கு முன்ன முடிக்கணும். "சரி, தொடையில போயிருவோம்"னாரு. அமுதா சிஸ்டர் ஃபைல்ல எழுதினாங்க, கை வழி ஒத்துவராதுன்னு. எழுதி கையெழுத்துப் போட்டாங்க. பிளாஸ்திரிக்குக் கீழ என்ன இருக்குன்னு அவங்க கேக்கல. கேட்டிருக்கணுமா இல்லையா?

ஸ்டென்ட் ஒண்ணு வச்சாங்க. அருமையா முடிஞ்சுது. சும்மா சொல்லல. ஸ்கிரீன்ல பாத்தேன், அடைச்சிருந்த எடத்துல கறுப்பா மருந்து சரசரன்னு ஓடுச்சு. டாக்டரே, "பியூட்டி"ன்னாரு.

என் டூட்டி எட்டு மணிக்கு முடிஞ்சிருச்சு. ஆனா பொங்கல் லீவுன்னு பகல்காரங்க பாதிப் பேரு வரல. டபுள் பாருய்யான்னாங்க. சரின்னுட்டேன். வீட்டுல போயி என்ன பண்ணப் போறேன். எனக்குப் பகல்லயும் தூக்கம் வராது. வீட்டுல அவ இருந்த வரைக்கும் ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டி இருட்டாக்கி வைப்பா. இப்ப கட்டுறதுக்கு ஆள் இல்ல. அது வேற கதை.

மத்தியானம் ரெண்டு மணிக்குத் தொடையிலருந்து டியூபை எடுத்தாங்க. நான்தான் அமுக்கினேன். இருபது நிமிசம், மூணு விரல், கையை எடுக்காம. ரத்தம் சுத்தமா நின்னுச்சு. மேல மணல் மூட்டை வச்சேன். எட்டு மணி வரைக்கும் அசையக் கூடாதுன்னேன். "டிப்போவுல பஸ்ஸுக்கு அடியில இதைவிட அதிக நேரம் படுத்திருக்கேன் தம்பி"ன்னாரு. சிரிச்சாரு. கையைத் தூக்கி பிளாஸ்திரியைப் பாத்தாரு.

அஞ்சு மணிக்கு மேல கொட்டுச் சத்தம் ஆரம்பிச்சுது. அக்கினிச்சட்டி எங்க ஆஸ்பத்திரி வாசல் வழியாத்தான் போகும். வார்டு மாடியில. ஜன்னல் அவரு கட்டில்லருந்து நாலெட்டு தள்ளி. அமுதா சிஸ்டர் கீழ மருந்து எடுக்கப் போனவங்க வரல. சாமி பாக்க நின்னுட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்லல. சொல்லணும்னா சொல்லலாம்.

நான் ஸ்டூலைப் போட்டு உக்காந்திருக்கேன். அவரு படுத்திருக்காரு.

"தம்பி, வருதா?"

இல்லைங்க, இன்னும் வரல.

"பாத்து சொல்லுங்க தம்பி."

எழுந்து போயி பாத்தேன். வரல. வந்து உக்காந்தேன்.

"தம்பி, இப்ப?"

இப்படியே. எத்தனை தடவைன்னு தெரியல. முந்தின நாள் எட்டு மணிக்கு வந்தவன் நான். கண்ணு எரியுது. ஜன்னலுக்கும் ஸ்டூலுக்கும் நடந்து நடந்து அலுத்துட்டேன். அவரு கேக்குறதை நிறுத்தல. மூச்சு வேகமா வந்துச்சு. இப்படியே தவிச்சாருன்னா நெஞ்சுக்கு ஆகாது. நேத்துத்தான் நெஞ்சுவலின்னு வந்தவரு, இன்னிக்குத்தான் ஸ்டென்ட் வச்சிருக்கு. வந்துருச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா மனசு ஆறி அடங்கிருவாரு. நல்லதுக்குத்தானே நெனைச்சேன்?

ஜன்னல்ல நின்னு பாத்தேன். ரோடு முழுக்க மஞ்சச் சீலை. வேப்பிலை, புகை, தலையை விரிச்சுப் போட்டு, ரெண்டு கையிலயும் சட்டி. அதுல ஒரு பொண்ணு, உசரமா. கார்த்தீஸ்வரியும் உசரம்தான்.

"வந்துருச்சுங்க"ன்னேன்.

"யாரு?"

"உங்க பொண்ணுதான். நல்லா எடுத்துட்டு வருது. ஆடாம வருது."

நான் ஜன்னல் வழியா கீழயே பாத்துக்கிட்டிருக்கேன். சரி, ஆறிட்டாரு போலன்னு நெனைச்சேன். பொத்துன்னு ஒரு சத்தம். மணல் மூட்டை தரையில விழுந்த சத்தம். திரும்புறதுக்குள்ள அவரு என் தோளுக்குப் பக்கத்துல நிக்குறாரு. நாலெட்டு நடந்து வந்துட்டாரு அண்ணாச்சி. ஜன்னல் கம்பியை இடது கையால பிடிச்சாரு. வலது கையை, அந்தப் பிளாஸ்திரி போட்ட கையை, நெஞ்சுல வச்சாரு. "தாயே"ன்னாரு. அப்புறம் ரெண்டு கையையும் சேத்து மேல தூக்கிக் கும்பிட்டாரு. அவரு மூஞ்சியை நான் பாத்தேன். அந்த மாதிரி ஒரு மூஞ்சியை நான் பாத்ததில்ல. பத்து நொடி இருக்கும்.

அப்புறம் என்னைப் பாத்து மெதுவா சொன்னாரு.

"தம்பி, காலு சூடா இருக்கு."

கீழ பாத்தேன். கணுக்கால் வரைக்கும் வந்துருச்சு.

அப்படியே தூக்கிக் கட்டில்ல போட்டு, முழங்காலை ஊணி, அமுக்கினேன். மூணு விரல் இல்ல, முழு உடம்பையும் வச்சு. கத்தினேன். கொட்டுச் சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்கல. சிஸ்டர் மேல வந்தது எப்பன்னு தெரியல. நாப்பது நிமிசம் நான் கையை எடுக்கல. வெளியில நின்னுச்சு. நின்னுருச்சுங்க சார்ன்னு போன்ல டாக்டர்கிட்ட சொல்லச் சொன்னேன். டாக்டர் கார் சட்டிக் கூட்டத்துக்குப் பின்னாடி மாட்டிக்கிச்சு, எறங்கி நடந்து வர்றேன்னாராம். அதுக்குள்ள அவரு வயிறு என் முழங்கைக்குக் கீழ கல்லு மாதிரி ஆகிக்கிட்டே வந்துச்சு. சொன்னேன்ல, வெளியில வர்றது தெரியும், உள்ள போறது தெரியாதுன்னு.

ஐ.சி.யூ.வுக்குத் தள்ளிட்டுப் போனோம். அங்க டூட்டி டாக்டர் ஒரு சின்னப் பொண்ணு, புதுசு. ஃபைலைப் படிக்க நேரமில்ல. பி.பி.யை விடாம பாக்குறதுக்கு மணிக்கட்டு ரத்தக்குழாய்ல ஒரு ஊசி போடணும். வலது கையை எடுத்துச்சு. பிளாஸ்திரியைப் பிய்ச்சுச்சு. "என்ன இது? கத்தரி இருக்கா?"

என் பாக்கெட்டுல இருந்துச்சு. குடுத்தேன்.

ஒரே வெட்டு. நகம் வெட்டுற மாதிரிதான். ஊசி ஒரே குத்துல ஏறிருச்சு. அந்தக் கையில. பி.பி. அவ்வளவு கீழ போயிருந்தும் ஒரே குத்து. அந்தப் பொண்ணு காப்பை என் கையில குடுத்து, "அவங்க ஆளுங்ககிட்ட குடுத்துருங்க"ன்னுச்சு. கவர்ல போட்டு பெட் நம்பர் எழுதினேன். பழக்கம்.

எட்டரை மணிக்கு கார்த்தீஸ்வரி ஓடி வந்துச்சு. செருப்பு இல்ல. மூஞ்சியெல்லாம் கரி, மஞ்சள். சட்டி சூடு பட்டு ரெண்டு உள்ளங்கையும் செவேல்னு சிவந்து கிடந்துச்சு. அதுக்கு இன்னும் ஒண்ணும் சரியா சொல்லல. அது என்னைத்தான் பாத்துச்சு.

"அண்ணே, அப்பா பாத்தாராண்ணே?"

பாத்தாரும்மான்னேன். எந்திரிச்சு நின்னு கும்பிட்டாரும்மான்னேன்.

அது சிரிச்சுச்சு. அந்த எடத்துல ஒரு நொடி சிரிச்சுச்சு அண்ணாச்சி. அப்புறம் பக்கத்துல நின்ன அதோட வீட்டுக்காரரு சொல்றாரு, "எங்களுக்கு லேட்டாயிருச்சுங்க. கூட்டம். ஏழரை மணிக்குத்தான் இந்தத் தெருவுக்குள்ளயே நுழைஞ்சோம்."

அவரு எந்திரிச்சு நின்னது ஆறு பத்துக்கு. ஏழரைக்கு அவருக்கு நினைவில்ல.

நான் பாத்தது யாரு பொண்ணோ. மஞ்சச் சீலை கட்டினா எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. யாரு வேணா தப்பா பாத்திருக்கலாம். மாடியிலருந்து, புகையில.

அந்தப் பொண்ணு நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாக்கல. பாத்தாரும்மான்னு நான் சொன்னதைப் பிடிச்சுக்கிட்டுச்சு. அதைத் திரும்ப வாங்க முடியுமா? பத்து மணிக்குள்ள அவரு போயிட்டாரு. உடம்பைக் குடுக்கும்போது வலது கையைத் தூக்கிப் பாத்துச்சு. வெறும் கை. "அண்ணே, காப்பை யாருண்ணே அறுத்தா?"

தெரியலம்மான்னேன். காப்பு என் சட்டைப் பாக்கெட்டுல இருந்துச்சு.

யாரும் என்னை ஒண்ணும் கேக்கல அண்ணாச்சி. ஆஸ்பத்திரியில மீட்டிங் போட்டாங்க. ஃபைலை எடுத்துப் பாத்தாங்க. கை வழி ஒத்துவராதுன்னு எழுதியிருக்கு. அதனால தொடை. எந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லியும் பேஷண்ட் எந்திரிச்சுட்டாரு. நேர்ச்சைக்காரரு, சாமியைப் பாத்ததும் எந்திரிச்சுட்டாரு. முடிஞ்சுபோச்சு. கதிரேசன் டாக்டர் என் தோளைத் தட்டி, "நாப்பது நிமிசம் அமுக்கியிருக்கியேய்யா, வேற யாரும் செய்ய மாட்டான்"னாரு. அமுதா சிஸ்டர் ரெண்டு நாள் அழுதாங்க. நான் மறுநாள் டூட்டிக்குப் போனேன். நாலரைக்கு டிரேயை எடுத்தேன்.

ஒண்ணே ஒண்ணு. இப்ப டாக்டர் வந்து, "வெயில்முத்து, இன்னிக்கு எப்படி?"ன்னா, நீங்களே ஒரு தடவை பாத்துருங்க சார்ங்கறேன். "என்னய்யா, வயசாயிருச்சா?"ன்னு சிரிக்கிறாரு. ஆமா சார்ங்கறேன். எனக்குத் துக்கம் இருக்கான்னு கேட்டா, தெரியல. சாப்பிடறேன். டூட்டி பாக்கறேன். பகல்ல படுத்தா கொட்டுச் சத்தம் கேக்குதான்னு பாப்பேன். கேக்காது. ஒண்ணும் கேக்காது.

இதோ, இதுதான். தொடாதீங்க, பாருங்க மட்டும். மஞ்சக் கலர் போயிருச்சு. விரலி மஞ்சள் சுருங்கிருச்சு. பெட் நம்பர் மட்டும் அழியல, நல்ல மார்க்கர். அடுத்த வாரம் எங்க ஊர்ல மறுபடி காப்புக் கட்டு. அதுக்குள்ள இதை அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துரணும். விலாசம் அட்மிஷன் சீட்டுல இருந்துச்சு, எழுதி வச்சிருக்கேன். குடுத்தா, யாரு அறுத்தான்னு மறுபடி கேக்கும். ஏன் தொடையில போனாங்கன்னு கேக்கும். அறுக்கத்தான் போறீங்கன்னா மொதல்லயே அறுத்திருக்கலாமேன்னு கேக்கும். கேக்கட்டும். சொல்லிரணும். இன்னிக்குச் சொல்லிரணும்னுதான் கிளம்பினேன்.

என்ன, ஏன் வண்டி நிக்குது? கப்பலூர் டோல்கேட்டா?

அப்ப திருமங்கலம்?

போயிருச்சா. கண்டக்டர் கத்தினாரா? எனக்குக் கேக்கல. நீங்க சொல்லியிருக்கலாமே. சரி, நான்தான் உங்களைப் பேச விடலையே. பரவால்ல. போன வாரமும் இப்படித்தான் ஆச்சு. ஒரு டீச்சர் பக்கத்துல உக்காந்திருந்தாங்க, பேசிக்கிட்டே வந்தேன். அதுக்கு முந்தின வாரமும். மதுரையில எறங்கி ஒரு டீயைக் குடிச்சுட்டு அடுத்த வண்டியைப் பிடிச்சா டூட்டிக்குச் சரியா இருக்கும்.

இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. வலது கையைக் குடுங்க அண்ணாச்சி. பயப்படாதீங்க. வாட்சை மேல தள்ளுங்க. முஷ்டியை மூடுங்க. இறுக்கமா. இன்னும். இப்ப திறங்க. வெளுத்திருக்கா? நான் சுண்டு விரல் பக்கத்தை மட்டும் விடப் போறேன். நான் பாக்கல, ரோட்டைப் பாத்துக்கறேன். நீங்க பாருங்க. நீங்களே எண்ணுங்க. சத்தமா.

ஒண்ணு.

ரெண்டு.

மூணா? மூணுலயே சிவந்துருச்சா? நல்லா பாத்தீங்களா?

அவருக்கும் மூணுதான்.

நாளைக்குக் காலையில ஒரு ஆளு டிரேயோட வருவான். அவன் கையைப் பிடிச்சுப் பாத்துட்டு என்ன சொன்னாலும் சரி, டாக்டர் வந்ததும் நீங்க உங்க வாயால சொல்லுங்க, மூணுன்னு.